தலையைத் துவட்டினாயா?

அருளு,

இதைக் குரூப்பில் போடவில்லை, உனக்குத் தனியாகத்தான் அனுப்புகிறேன். குரூப்பில் போட்டாலும் நீ பார்க்கப் போவதில்லை. போன வாரம் அனுப்பியதெல்லாம் இன்னும் சாம்பல் நிற டிக்கோடு அப்படியே நிற்கிறது. வேலை இருக்கும், தெரியும். இது கொஞ்சம் நீளம், மெட்ரோவில் போகும்போது படி.

முதலில் ஒன்று சொல், அன்றைக்கு மழையில் நனைந்தாயா? பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவை ஆற்றுக்கு மேல்கரையில் நின்று பார்க்க இலவசச் சீட்டு கிடைத்திருக்கிறது, பஸ்தியேனும் நானும் போகிறோம் என்று ஜூலை ஆரம்பத்தில் சொன்னாய். போனாயா என்றே தெரியாது. போயிருந்தால் நாலு மணி நேரம் அந்தக் கொட்டுகிற மழையில் நின்றிருப்பாய். உனக்குச் சளி பிடித்தால் நேராக நெஞ்சுக்கு இறங்கும், நெல்லித்தோப்பு டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டினாயா? கூட்டத்தில் பிளாஸ்டிக் கோட்டு போட்டு நின்ற ஒவ்வொருவரையும் நான் உற்று உற்றுப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள்.

நாங்கள் டிவியில் முழுசாகப் பார்த்தோம். நமக்கு இரவு 11 மணிக்கு ஆரம்பம், முடியும்போது மூன்று மணி ஆகப்போகிறது. செல்லா அத்தையும் மேரியும் இங்கேயே வந்துவிட்டார்கள், கரண்டு போனால் அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையே. உன் அப்பா சாயங்காலமே தூங்கி எழுந்து முகம் கழுவி, ஏதோ பூசைக்குப் போவது போலத் தயாராக உட்கார்ந்திருந்தார். அன்று காலையில் அங்கே ரயில் பாதைகளில் தீ வைத்தார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கவலை. உனக்கு இரண்டு தடவை போன் போட்டார், உனக்குத் தெரியும்.

விழாவைப் பற்றி நாலு பேர் பார்த்து நாலு அபிப்பிராயம். செல்லா அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. ஸ்டேடியம் இல்லாமல் என்ன விழா, யார் எங்கே ஆடுகிறார்கள் என்றே புரியவில்லை, ஒரு பாலத்தில் ஒரு ஆட்டம், ஒரு கூரையில் ஒரு பாட்டு, நடுநடுவே படகு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பெய்ஜிங்கில் 2,008 பேர் ஒரே கையாக மேளம் தட்டினார்களே, அதுதான் விழா என்றாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆஸ்டெர்லிட்ஸ் பாலத்திலிருந்து ஈபிள் கோபுரத்துக்கு எதிரே வரை 6 கிலோமீட்டர், 85 படகு என்றால் கரையில் நின்ற உங்களுக்கு அந்தந்த இடத்தில் நடந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும், மற்றதெல்லாம் பெரிய திரையில். சோபாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் லாபம். அதற்காகவா நீ நனைந்தாய்?

மேரிக்கோ எல்லாமே பிடித்தது. முகமூடி போட்டுக்கொண்டு ஒருவன் தீபத்தோடு கூரை கூரையாக ஓடினானே, அவன் பின்னாலேயே இவளும் ஓடாத குறை. இருட்டு ஆற்றின் மேல் வெள்ளிக் குதிரை பாய்ந்து வந்தபோது எங்கள் யாருக்குமே பேச்சு வரவில்லை, அத்தைக்கும்தான், அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கடைசியில் பார்த்தால் அத்தனை பெருமையாகக் கொண்டுவந்த ஒலிம்பிக் கொடியைத் தலைகீழாக ஏற்றுகிறார்கள்! தென்கொரியக் காரர்கள் படகில் வந்தபோது வடகொரியா என்று பெயர் சொல்லி, அப்புறம் அதற்கு மன்னிப்பு வேறு கேட்டார்கள். நம் ஆட்களின் உடையைப் பற்றியும் இங்கே பெரிய சண்டை. சிந்துவும் நம் சென்னை சரத் கமலும் கொடி பிடித்து வந்தார்கள், சரத்துக்கு இது 5வது ஒலிம்பிக். அந்தச் சேலையைப் பார்த்துவிட்டு, திருபுவனத்துப் பட்டு கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று அத்தை விடிய விடியப் புலம்பினாள்.

அப்பா என்ன சொன்னார் என்று நீ கேட்பாய். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிராண்ட் பலே மாளிகையின் கூரை மேல் ஒரு கறுப்பினப் பெண் கொடி நிறத்தில் நீளமான கவுன் போட்டுக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் மார்செயேஸ் பாட ஆரம்பித்ததும், கைலி பனியனோடு எழுந்து நின்றுவிட்டார். வலது முழங்கால் மடங்காது, தெரியுமே, சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிகிற வரை உட்காரவில்லை. தாத்தா ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளன்று, புதுச்சேரி பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மெடலோடு நிற்பார் இல்லையா, அதே முகம். மேரி சிரிக்கப் பார்த்தாள், நான் கிள்ளினேன்.

செலின் தியோன் பாடும்போது நான் அழுதேன், அது உனக்கு ஆச்சரியம் இல்லை. உடம்பெல்லாம் விறைத்துப் போகிற நோய், 2020க்கு அப்புறம் மேடையே ஏறாதவள், அந்தக் கோபுரத்தின் மேல் நின்று அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் பாட்டைப் பாடுகிறாள். பக்கத்தில் பியானோ மேல் மழைத் துளி முத்து முத்தாக நிற்கிறது. விழாவை அதோடுதான் முடித்தார்கள், பேச்சும் அதோடு முடிந்திருக்கலாம்.

மறுநாள் காலை பெரியப்பா குரூப்பில் போட்டது.

விழாவில் வந்த அந்த மேசைக் காட்சியின் படத்துக்குக் கீழே அவர் எழுதியதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. நீ படித்தாய். எல்லோரும் கைகூப்பிய பொம்மை போட்டார்கள், யார் யார் போட்டார்கள் என்று நீயும் எண்ணியிருப்பாய், நான் போடவில்லை. நான் அந்தக் குரூப்பில் என்றைக்கு என்ன போட்டிருக்கிறேன்? அப்புறம் மத்தியானம் பார்த்தால் ‘அருள் வெளியேறினார்’ என்று ஒரு வரி. அம்மா, நான் போகிறேன் என்று எனக்கு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். பெரியப்பாவிடம் சொல்லவேண்டாம், என்னிடம் சொல்லக் கூடாதா?

அந்தக் காட்சியை மேரியின் போனை வாங்கித் திரும்பவும் பார்த்தேன். எனக்கு நெருடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீள மேசை மாதிரி ஒன்று, பின்னால் வரிசையாக ஆட்கள், நடுவில் இருந்த பெண்மணியின் தலையில் ஒளிவட்டம் போல ஒரு கிரீடம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே இயேசு சீடர்களோடு உண்ட இறுதி இராவுணவுப் படத்தை இருபது வருஷமாகத் துடைத்து வைத்திருப்பவள் நான், எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்? பிரெஞ்சு ஆயர்களும் வருந்தி அறிக்கை விட்டார்கள், ஆகஸ்டு 3ஆம் தேதி வத்திக்கானும் வருத்தம் சொல்லியிருக்கிறது. ஆனால் விழாவை அமைத்த தோமா ஜோலி, அது இராவுணவே இல்லை, ஒலிம்பஸ் மலைத் தேவர்களின் விருந்து என்கிறார். அந்த நீல நிற ஆள் பழத்தட்டுக்கு நடுவிலிருந்து எழுந்து பாடினானே, அவன்தான் தியோனிசோஸாம், திராட்சை ரசத்துக்கான கிரேக்கத் தெய்வம். அப்பாவும் அதைத்தான் சொன்னார், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று ஜூலை 28ஆம் தேதியே அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதோடு விடவேண்டியதுதானே? விடவில்லை. நடுவில் இருந்த அந்த அம்மாவுக்குக் கொலை மிரட்டலாம், அவர் போலீசுக்குப் போயிருக்கிறார். ஜோலிக்கும் மிரட்டலாம். ஆண்டவருக்காகக் கோபப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆளைக் கொல்லுவேன் என்று எழுதுகிறவன் எந்தக் கோயிலில் நற்கருணை வாங்குகிறான், எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

அந்தக் காட்சியில் ஆடிய பிள்ளைகளின் முகத்தை நான் இந்தத் தடவைதான் சரியாகப் பார்த்தேன். மழையில் மை கரைந்து கன்னத்தில் ஓடுகிறது, ஆனாலும் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள். வழுக்குகிற பாலத்தில், அவ்வளவு உயரச் செருப்பு. இவர்கள் அம்மாக்கள் எங்கேயோ உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் இல்லையா என்று தோன்றியது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன், எழுதத் தெரியவில்லை.

பாடகி அயா நகமுராவை வைத்துக்கூட முதலில் எவ்வளவு ஏசினார்கள், மார்ச் மாதம் நீதானே போனில் சொன்னாய். மாலி நாட்டுப் பமாகோவில் பிறந்தவள் பிரான்சுக்காகப் பாடுவதா என்று. கடைசியில் தங்க உடையில் வந்து பாடினாள், குடியரசுக் காவல்படை பேண்டுக்காரர்கள் சீருடையோடு அவளுக்குச் சரியாகக் குலுங்கினார்கள். அப்பா அதற்குக் கை தட்டினார். அதே போனில்தான் ரயிலில் ஒருவன் உன் நிறத்தைச் சொல்லி ஏதோ சொன்னான் என்றும் சொன்னாய், நான் கேட்டதும் ஒன்றுமில்லை அம்மா என்று பேச்சை மாற்றினாய். நீ எதையுமே பாதியில் நிறுத்துகிறாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், விழுந்து முட்டி கிழிந்தால் பேன்ட்டை இழுத்து மறைப்பாய்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. நீ முதன்முதலில் போனபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர். அதற்காக அவர் எழுதியதெல்லாம் சரியாகிவிடாது. அதை நான் அவரிடம் சொல்லவேண்டிய முறையில் சொல்லிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. நீ அங்கே தலை நிமிர்ந்து வேலை பார்க்கிறாய், ஒருவரிடமும் கை நீட்டாமல் வாடகை கட்டுகிறாய், அப்பா மருந்துக்கு மாதம் தவறாமல் அனுப்புகிறாய். சம்பா கோயிலில் யார் உன்னைப் பற்றி விசாரித்தாலும் நான் நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். ஆனால் தலை நனைந்தால் துடைக்கத் தெரியாது, அம்மாவுக்குப் போன் போடத் தெரியாது.

இன்னொன்று. காரைக்காலிலிருந்து அத்தை கொண்டுவந்தாளே ஒரு வரன், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண் நல்ல பெண்தான். ஏன் என்று அத்தை குடைந்தாள், நான் சொல்லவில்லை. எனக்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. ஏப்ரலில் உனக்கு ஜுரம் அடித்தபோது பஸ்தியேன்தான் போனை எடுத்தான். அவன் தூங்குகிறான், ஜுரம் இறங்கிவிட்டது, சூப் கொடுத்தேன், நீங்கள் தூங்குங்கள் மதாம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான், எனக்குப் புரியவேண்டும் என்று. அப்புறம் அப்பா போனை வாங்கி அவனோடு அரை மணி நேரம் பிரெஞ்சில் கதையடித்தார். வைத்துவிட்டு, நல்ல பிள்ளை, நிதானமாகப் பேசுகிறான் என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். நார்த்தங்காய் ஊறுகாய் அவனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்பினேன், பிடித்ததா இல்லையா என்று இதுவரை பதில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. தனியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, கீஸரும் மாற்றியாகிவிட்டது, கட்டில்தான் பழசு, அதையும் மாற்றச் சொல்கிறேன். அவன் காரம் தின்பானா மாட்டானா, அதை மட்டும் முன்னாடியே சொல்லிவிடு. யாராவது கேட்டால் என் மகனும் அவனோடு இருக்கிற பிள்ளையும் வந்திருக்கிறார்கள் என்பேன். அதற்கு மேல் கேட்கிற தைரியம் நம் தெருவில் யாருக்கும் இல்லை, பெரியப்பாவுக்கும் இல்லை. டிக்கெட்டை இப்போதே போடு, டிசம்பரில் விலை எகிறிவிடும்.

நாளை ராத்திரி நிறைவு விழாவாம், நமக்குப் பன்னிரண்டரை ஆகிவிடும். அப்பா அதையும் பார்த்தே தீருவேன் என்கிறார். கூப்பிடுவதானால் அதற்கு முன்னால் கூப்பிடு, ஆரம்பித்துவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

அம்மா