ஆச்சி வீட்டு கேமரா ஏன் நின்னுச்சுன்னா

பாப்பா,

வெள்ளிக்கிழமை போன்ல ஆச்சி வீட்டு கேமரா வரலப்பான்னு நீ அழுதது இன்னும் காதுலயே இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க போய்ப் பாத்து, ஆச்சி நல்லா தூங்குறாங்கன்னு சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு, ஆனா காரணம் தெரியாம விட மனசு வரல, நீ செட் பண்ணிக் குடுத்த கேட்வே, அதான் ஆச்சி வீட்டு இணைப்பு வந்து சேர்ற நம்ம கம்ப்யூட்டர், அது முன்னாடி அப்படியே உக்காந்துட்டேன்.

ஆச்சி வீட்டுல கரண்ட் போயிருக்கு, கேமரா படத்தை நம்ம கேட்வேக்கு அனுப்புற ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர் பொசுக்குன்னு அணைஞ்சிருக்கு. நாம ஒரு வீட்டுலருந்து கிளம்பறப்ப போயிட்டு வரேன்னு சொல்லுவோம்ல, கம்ப்யூட்டருங்க பேசிக்கிற டிசிபி முறையிலயும் அப்படி ஒரு பாக்கெட், அதாவது குட்டிச் சேதி, உண்டு, கரண்ட் போனா அதை அனுப்ப நேரம் ஏது. நம்ம கேட்வே பழைய ஆளு இன்னும் உள்ளதான் இருக்குன்னு 2222 போர்ட்டை, அதாவது படம் வர்ற வாசலை, பிடிச்சு வச்சிருக்கு, கரண்ட் வந்து பை மறுபடி அதே போர்ட்டை கேட்டா கிடைக்கல, ஆனா பையையும் கேட்வேயையும் சேக்குற எஸ்எஸ்எச் இணைப்பு மட்டும் கனெக்ட் ஆகி சும்மா நிக்குது.

கேட்வேல இருக்குற இணைப்பையெல்லாம் காட்டுற எஸ்எஸ் கமாண்டை டைமரோட போட்டுப் பாத்தேன். ஆச்சி வீட்டுலருந்து ரெண்டு வரி, ரெண்டுமே எஸ்டாப், அதாவது இணைப்பு இன்னும் இருக்குன்னு காட்டுது. பழசுல கீப்அலைவ், அதாவது எதிர்ல ஆள் இருக்கான்னு தட்டிப் பாக்குற டைமர், இன்னும் 96 நிமிஷம்னு ஓடுது. லினக்ஸ் சும்மா கெடக்குற கனெக்‌ஷனை 7200 செகண்ட் கழிச்சுத்தான் முதல்ல தட்டிப் பாக்கும், அப்புறம் 75 செகண்டுக்கு ஒருக்கா 9 தடவை, ஆக மொத்தம் 2 மணி 11 நிமிஷம். வயசானவங்க தனியா இருக்குற வீட்டுக்கு இது ரொம்ப அதிகம்மா.

அந்த ரெண்டு இணைப்போட பிஐடியும், அதாவது ப்ராசஸ் நம்பரும், எடுத்து கில் பண்ணேன், பை தானா திரும்ப வந்து போர்ட்டை எடுத்துக்கிச்சு. நீ அங்கருந்து பண்ணா நிதானமா பண்ணு, புது இணைப்பையெல்லாம் உள்ள விடுற தாய் ப்ரோக்ராம் எஸ்எஸ்எச்டியை கொன்னுட்டா அப்புறம் புதுசா யாரும் உள்ள வர முடியாது.

இப்ப கேட்வேல கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 30, கவுன்ட்மேக்ஸ் 3 வச்சிருக்கேன், அதாவது 30 செகண்டுக்கு ஒருக்கா கூப்பிட்டு 3 தடவை பதில் வரலன்னா ஒன்றரை நிமிஷத்துல அதுவே மூடிடும். பை பக்கம் எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியரை எஸ்னு போட்டாச்சு, போர்ட் கிடைக்கலன்னா வெட்டியா நிக்காம வெளிய வந்து திரும்ப முயற்சி பண்ணும்.

நேத்து சித்தப்பா அங்க போயிருந்தாரு, மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், மூணு நிமிஷத்துல படம் வந்துருச்சு. ஆச்சி கேமரா கிட்ட வந்து நின்னு, பாப்பா சாப்டுட்டாளான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு போன் போட்டுரு.

அப்பா