கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

அப்பாவுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு டிவி முன்னால் உட்காருகிறார், சொன்னால் கேட்பதில்லை. செல்வி கல்யாணத்தில் பார்த்தபோது நீ இளைத்திருந்தாய், கழுத்தும் வெறுமனே கிடந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

முருங்கைக்கீரை உலர்த்துகிற பெட்டியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாயாமே, தம்பி சொன்னான். அப்பாவுக்கு வருத்தம், எனக்குப் பெருமைதான். அரவிந்திலும் இப்படித்தான். ஆபரேஷன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசை, ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவரைத் தயாராகப் படுக்க வைத்துவிடுகிறார்கள், டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அங்கே ஆரம்பித்துவிடுகிறார் என்று அப்பா சொல்லிச் சொல்லி மாய்கிறார். அந்த முறையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை, மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். கண்ணுக்குள் வைக்கிற, 100 டாலர் விலையில் இறக்குமதியான லென்ஸை, 1992ல் அரோலேப் என்று சொந்தமாக லென்ஸ் செய்கிற இடத்தை ஆரம்பித்து 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் நொடித்துப் போகவில்லை, ஏனென்றால் கட்ட முடிந்த எங்களைப் போன்றவர்களிடம் காசு வாங்குகிறார்கள், முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். வரைபடத்தைச் சும்மா கொடு, சரி. பெட்டியைச் செய்து கொடுத்தால் காசு வாங்கு, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தால் அதற்கும் வாங்கு. கேட்கக் கூச்சப்படுவாய், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கு பாப்பா, அதை வைத்துத்தான் முடியாதவர்களுக்குச் செய்ய முடியும்.

வெங்கடசாமி டாக்டர் 1976ல் 11 படுக்கையோடு அரவிந்தை ஆரம்பித்தபோது வீட்டை அடமானம் வைத்தார், கூடப்பிறந்தவர்கள் நகையைக் கொடுத்தார்கள். ஆனால் அது அவர்கள் எல்லோரும் சேர்ந்து, தெரிந்து செய்தது. நீ எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் செய்தாலும் 'நல்லா இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய்.

ஆத்தாவின் ரெட்டை வடம் எந்த பேங்கில் இருக்கிறது? திட்டுவதற்குக் கேட்கவில்லை. ஏல நோட்டீஸ் வருவதற்குள் வட்டியாவது கட்டிவிடலாம். அடுத்த மாசம் எனக்குச் சீட்டுப் பணம் வருகிறது. ரசீதைப் போட்டோ எடுத்து என் நம்பருக்கு மட்டும் அனுப்பு, அப்பா போனுக்கு அனுப்பிவிடாதே.

அம்மா