அந்த 20 சென்டிமீட்டரைத் தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தண்டையார்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் வீடு. கூரைக் கொக்கியில் பேரனின் தூளி தொங்குகிறது. அதன் தலைமாட்டுச் சுவரில் ஆணியடித்துப் புதிய வைஃபை பெட்டியை மாட்டியிருந்தார்கள். தூளியை ஆட்டும்போதெல்லாம் துணி அதன் ஆன்டெனாவில் உரசியது. "ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது அப்பா, வந்த பையன் அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான்" என்றாள் மகள்.

பெட்டியோடு வந்த காகிதத்தைக் கேட்டு வாங்கி விரித்தேன். எட்டாக மடித்த சீட்டு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் படித்ததில் அந்த வரி கிடைத்தது: கருவிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், வேறு ஆன்டெனாவோடு சேர்த்து வைக்கக் கூடாது.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதியிலிருந்து வந்த வரி அது. உடலை ஒட்டிப் பயன்படும் கைப்பேசியாக இருந்தால், உடல் உறிஞ்சும் ஆற்றலை அளந்து, அது வரம்புக்குள் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் 2012 செப்டம்பர் முதல் கைப்பேசிக்கு அந்த வரம்பு, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். பல கைப்பேசிகளில் *#07# என்று அழுத்தினால் அந்தக் கைப்பேசிக்கு அளந்த எண்ணைப் பார்க்கலாம். ஆனால் 20 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கும் என்று சொல்லி விற்கப்படும் கருவிக்கு, அந்தத் தூரத்தில் அலையின் அளவைக் கணக்கிட்டுக் காட்டினாலே பொதுவாகப் போதும். அதாவது, தூரம்தான் அங்கே பாதுகாப்பு. வாங்குகிறவருக்கு அது தெரியாவிட்டால் விதி யாருக்காக?

பயமுறுத்த எழுதவில்லை. ரேடியோ அலைக்கு எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் குணம் கிடையாது. இந்த வரம்புகள் முதன்மையாகத் திசு சூடாவதைத் தடுக்க வந்தவை. வைஃபை பெட்டியின் ஆற்றலும் சிறியது. நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். அங்கே டிரான்ஸ்மிட்டர் நூற்றுக்கணக்கான வாட். செய்தி போகும் நேரத்தில் ஏரியலில் கை பட்டால் தோல் வெந்துவிடும். யாராவது ஏரியல் கட்டிய கம்பத்தில் ஏறுவதென்றால் முதலில் ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அவர் இறங்கி வந்து முகத்தைக் காட்டும்வரை அது பையிலேயே இருக்கும். அந்த ஆபத்து இந்தப் பெட்டியில் இல்லை. ஆனால் அங்கே எச்சரிக்கைப் பலகை மாலுமிக்குப் புரியும் மொழியில், கண்ணுக்கு நேரே இருந்தது.

எங்கள் பக்கத்தில் மொட்டை மாடியில் செல்பேசிக் கோபுரம் என்றால் தெருவே திரண்டு கையெழுத்துப் போடுகிறது. கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் சிக்னல் சரியாக எட்டாத கீழ்த்தளத்து அறையில் கைப்பேசி கூடுதல் ஆற்றலோடு அலை அனுப்புகிறது என்பதையும், அதை மணிக்கணக்கில் காதில் ஒட்டிப் பேசாமல் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசலாம் என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தொலைத்தொடர்புத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: தமிழ்நாட்டில் விற்கும் வைஃபை பெட்டியின் மேலேயே அந்த ஒரு வரியைத் தமிழில், படிக்கிற அளவில் அச்சிடச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து மாட்டுகிற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். நூறு சதுர அடி வீட்டில் கட்டில், தொட்டில், மேசை எல்லாம் ஒட்டித்தான் இருக்கும். இடம் பார்த்து மாட்டுவது அங்கேதான் மிகவும் தேவை.

மறுநாளே பத்து மீட்டர் ஒயர் வாங்கி, பெட்டியை வாசற்கதவுக்கு மேலே மாற்றிவிட்டேன். தூளியிலிருந்து இப்போது இரண்டு மீட்டர். 20 சென்டிமீட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டால் அங்கே வந்து சேரும் அலை ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். வைஃபை முன்பு போலவே வேலை செய்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21