மின் கேபிள் மாற்றும் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்மாற்றியிலிருந்து பிரதான பேனல் வரையிலும், பேனலிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் செல்லும் பழைய கேபிள்களை மாற்றும் பணி நிறைவுற்றது. காப்புத் தடைச் சோதனை (கேபிளின் காப்புறையில் மின்கசிவு உண்டா என்று பார்ப்பது) முடிந்து, எல்லாத் தளங்களும் புதிய இணைப்பில் இயங்குகின்றன. பணியின்போது உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: கீழே மின்மாற்றி முதல் பேனல் வரை ஒற்றைக் கோர் (கோர் என்பது கேபிளுக்குள் காப்பிட்ட ஒரு கடத்தி), மேலே தளங்களுக்கு நான்கு கோர் என்று எதற்கு இரண்டு வகை?

மின்மாற்றிக்கும் பேனலுக்கும் இடையே கட்டடத்தின் மொத்தச் சுமையும் ஓடுகிறது. அதை நான்கு கோர் கேபிளில் கொண்டுவர, தடித்த கேபிள்கள் பலவற்றை இணையாக இழுக்க வேண்டும். கேபிள் தடிக்கத் தடிக்க வளைவதற்கு இடம் அதிகம் கேட்கும். பேனலுக்கு அடியில் அந்த இடம் இல்லை. ஒற்றைக் கோர் எளிதில் வளையும், முனையை இணைக்கும் லக் பொருத்துவதும் சுலபம். வெப்பம் நன்றாக வெளியேறுவதால், அதே குறுக்குப்பரப்புக்குச் சற்றுக் கூடுதல் மின்னோட்டத்தையும் தாங்கும்.

ஆனால் அது கண்டிப்பான கேபிள். பல கோர் கேபிளில் எல்லாப் பேஸ்களும் (மின்சாரம் கொண்டுவரும் மூன்று கடத்திகள்) ஒரே உறைக்குள் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய நீக்கிவிடும். ஒற்றைக் கோரில் அப்படி நடக்காது. கேபிளைக் காக்கும் உலோகக் கவசமாக இரும்பு ஆர்மர் போட்டால் அதுவே சூடாகும். ஆகவே அலுமினிய ஆர்மர் வாங்கினோம். பேனலின் அடித்தட்டு இரும்பாக இருந்து, ஒவ்வொரு கேபிளும் தனித் துளை வழியாக நுழைந்தால், காந்தப்புலம் தட்டுக்குள் உண்டாக்கும் சுழல் மின்னோட்டத்தால் அந்தத் தட்டு தோசைக்கல்லைப் போலக் காயும். புதிய பேனலின் தட்டைக் கழற்றி அலுமினியத் தட்டு போட்டது இதற்காகத்தான். கணக்கில் அந்த இனத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்களுக்கு இதுவே பதில்.

மூன்று பேஸ்களையும் முக்கோணமாக ஒட்டவைத்து, நியூட்ரலை (மின்னோட்டம் திரும்பும் கடத்தி) அருகிலேயே ஓட்டியிருக்கிறோம். ஒரே பேஸின் கேபிள்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மின்னழுத்த இழப்பு கூடும், இணைக் கேபிள்களுக்குள் சுமை சமமாகப் பிரியாது. இணையாக ஓடுபவை அனைத்தும் ஒரே நீளம், ஒரே அளவு. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கேபிள்கள் ஒன்றையொன்று பலமாக உதைத்துக்கொள்ளும் என்பதால், சாதாரணப் பிளாஸ்டிக் கட்டுகளை நம்பாமல் கிளீட் எனும் உறுதியான பிடிப்பான்கள் கொண்டு இறுக்கியிருக்கிறோம்.

தளங்களுக்குச் செல்லும் பகுதியில் இந்தத் தொல்லை எதுவும் தேவையில்லை. அங்கே மின்னோட்டம் குறைவு, கேபிள்கள் மேலேறும் ஷாஃப்ட் குறுகல். தளத்துக்கு ஒரு நான்கு கோர் கேபிள், வழக்கமான இரும்பு ஆர்மர், அவ்வளவுதான். ஒரு கோர் பழுதானாலும் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும் என்பது இதன் குறை; அதற்காகக் கேபிள்களைத் தாங்கும் டிரேயில் இடம் விட்டிருக்கிறோம்.

மூன்றரைக் கோர் (மூன்று முழு அளவு பேஸ், ஒரு சிறிய நியூட்ரல்) போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். குழு இதை ஏற்கவில்லை. அதில் நியூட்ரல் ஏறக்குறைய பாதி அளவுதான். எல்.இ.டி. விளக்கு, கணினி போன்றவை மூன்றாம் ஹார்மோனிக் (வழக்கமான அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் ஓடும்) மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. மூன்று பேஸ்களிலிருந்தும் வரும் அது நியூட்ரலில் நீங்காமல் கூடுகிறது. சில கட்டடங்களில் நியூட்ரல் மின்னோட்டம் பேஸையே மிஞ்சிவிடும். அத்தகைய சுமைக்குப் பாதி நியூட்ரல் என்பது சிக்கனம் அல்ல.

இந்தக் கேபிள்களின் எக்ஸ்.எல்.பி.இ. (ஒருவகைப் பாலிஎத்திலீன்) காப்பு 90 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இருந்தும், கேபிள் போய் இணையும் பிரேக்கர் முனைகள் அவ்வளவு சூட்டுக்கு ஏற்றவை அல்ல என்பதைக் கருத்தில் கொண்டு 70 டிகிரி அடிப்படையிலேயே கேபிள் அளவைத் தீர்மானித்தோம்.

முழுச் சுமையில் சில காலம் ஓடியபின் வெப்பக் கேமராவால் இணைப்புகள் பார்க்கப்படும். ஷாஃப்டில் தளத்துக்குத் தளம் தீத்தடுப்புப் பொருளால் துளைகள் அடைக்கப்பட்டுள்ளன. இணைய இணைப்புக்காரர்கள் உட்பட யாரும் அவற்றை உடைத்து வயர் நுழைக்க வேண்டாம். வரைபடங்களும் சோதனை அறிக்கைகளும் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன.

இப்படிக்கு,
பணிக் குழுவினர்