கோட்டாரில் பஸ் இருக்கிறது, ஏறத்தான் இடமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து போக்குவரத்து என்றாலே மேம்பாலம், நான்கு வழிச்சாலை, இரட்டை ரயில் பாதை என்றுதான் பேச்சு. கோட்டார், இடலாக்குடி, மீனாட்சிபுரம், வடசேரி என ஊருக்கு நடுவில் குடியிருப்பவர்கள் காலையில் எப்படி வேலைக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

கோட்டார் வழியாகப் போகும் பஸ்களை எண்ணிப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. கன்னியாகுமரியிலிருந்து சுசீந்திரம், இடலாக்குடி வழியாக வருபவை இந்தப் பக்கமாகத்தான் நகருக்குள் நுழைகின்றன. ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் அவை சுசீந்திரத்திலேயே நிரம்பிவிடும். இடலாக்குடியில் படிக்கட்டும் நிறையும். கோட்டாரில் இறங்க நாலு பேர், ஏற முப்பது பேர். டிரைவர் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்தி, இறங்குகிறவர்களை இறக்கிவிட்டு எடுத்துவிடுகிறார். உள்ளே நிற்கக்கூட இடமில்லாத பஸ்ஸை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்ய முடியும்? கன்னியாகுமரியிலிருந்து இன்னும் நாலு பஸ் கூடுதலாக விட்டாலும் அவையும் வரும் வழியிலேயே நிரம்பும். காலியாகக் கோட்டாரிலிருந்தே புறப்படும் பஸ் வேண்டும். நாங்கள் கேட்பது அதுதான்.

இதில் அதிகம் அடிபடுவது ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடைகளில் நிற்கும் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. மாதச் சம்பளத்தில் அது பெரிய மிச்சம். ஆனால் அந்த பஸ்ஸில் கால் வைக்க இடம் இருந்தால்தான் அந்த மிச்சம். இல்லாவிட்டால் மினி பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும், அல்லது நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளத்தைப் பிடிக்கிற கடைகளும் உண்டு என்பதால் ஆட்டோவைத் தவிர்க்கவும் முடிவதில்லை.

கோட்டார்ச் சந்தையான கம்போளம் பக்கம் இன்னொரு சிக்கல். விடியுமுன் சரக்கு இறக்க வரும் லாரிகள் எட்டு மணிக்குள் போய்விட்டால் தொல்லையில்லை. ஒரு லாரி நின்றுவிட்டாலும் எதிரெதிரே இரண்டு பஸ் விலக முடியாது. ஸ்டாப்பின் ஓரத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்றால் பஸ் நடுரோட்டில்தான் நிற்கும். கடவப்பெட்டியோடு (பெரிய ஓலைக்கூடை) ஏறும் ஓர் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். நடைமேடை ஓரமாக பஸ் நின்றால் அங்கிருந்து ஒரே எட்டில் ஏறிவிடுவார். நடுரோட்டில் நின்றால் முதல் படி முழங்கால் உயரம். பெட்டியை முதலில் உள்ளே தள்ளி, கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து ஏற்ற வேண்டும். அதற்குள் டபுள் விசில் விழுந்துவிடும். ஸ்டாப்புக்கு முன்னும் பின்னும் ஒரு பஸ் நீளத்துக்கு மஞ்சள் கோடு போட்டு, காலையில் இரண்டு மணி நேரம் ஒரு காவலர் நின்றால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

திருவனந்தபுரம் போய் வேலை பார்ப்பவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்தான் கை கொடுக்கிறது. மூன்று மாத சீசனின் விலை ஒரு மாத சீசனைப் போல 2.7 மடங்குதான் என்பதால், தொடர்ந்து போகிறவர்கள் மொத்தமாக எடுப்பதே லாபம். ஆனால் எல்லா ரயிலும் கோட்டாரில் இருக்கும் ஜங்ஷனுக்கு வருவதில்லை. திருநெல்வேலியிலிருந்து வரும் பாதையும் திருவனந்தபுரத்துப் பாதையும் ஜங்ஷனில் ஒரே பக்கமாகச் சேருகின்றன. அதனால் ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு இங்கே வந்து போகும் ரயிலுக்கு எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை மிச்சப்படுத்த நேர்பாதையில் விடப்படும் ரயில்கள் டவுன் ஸ்டேஷனில் மட்டும் நின்று போகின்றன. ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருப்பவர் அந்த ரயிலைப் பிடிக்க ஊரைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போக வேண்டும். விடிகாலையில் அதற்கு நம்பகமான பஸ் கிடையாது. கொத்தனார் வேலைக்குக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப் போகிறவர்களும் இதே நேரத்தில் வடசேரிக்குப் போய்த்தான் பஸ் ஏறுகிறார்கள்.

நடந்தே போகிறவர்களும் ஏராளம். வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள், தறிக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கம்போளத்துச் சுமட்டுத் தொழிலாளர்கள். இவர்களுக்கு வேண்டியது மூடியுள்ள ஓடையும் எரிகிற தெருவிளக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருக்களில் ஆள்நுழை மூடி ரோட்டு மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தண்ணீர் தேங்கினால் அந்த மூடி கண்ணுக்கே தெரியாது.

இனி எங்கள் கோரிக்கை. ரயில்வே ஜங்ஷன், கோட்டார், மீனாட்சிபுரம், அண்ணா பேருந்து நிலையம், மணிமேடை, வடசேரி. இந்த வழியில் போய்த் திரும்பும் குறுந்தூர பஸ் ஒன்று. ஒரு வழி சுமார் நாலு கிலோமீட்டர். கூட்ட நேரத்தில் போய் வர, இரண்டு முனையிலும் நிற்கும் நேரத்தையும் சேர்த்து 50 நிமிடம் என்று வையுங்கள். இரண்டு பஸ் ஓடினால் 25 நிமிடத்துக்கு ஒன்று, மூன்று ஓடினால் ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். நாள் முழுக்க வேண்டாம். காலை 5 முதல் 10 வரை, மாலை 4.30 முதல் கடைகள் அடைக்கும் 9.30 வரை போதும். முதல் இரண்டு நடை மட்டும் டவுன் ஸ்டேஷனைத் தொட்டுப் போக வேண்டும். சாதாரணக் கட்டண பஸ்ஸாகவே விட வேண்டும். எக்ஸ்பிரஸ் பலகை மாட்டினால் பெண்களுக்குப் பயனில்லை.

மூன்று மாதம் சோதனையாக ஓட்டிப் பார்க்கட்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று டிக்கெட் மெஷின் கணக்குச் சொல்லும். அதனால் பெண் பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டணம் இல்லை என்பதற்காகக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்காமல் இறங்கிவிடாதீர்கள். வாங்காத ஒவ்வொரு டிக்கெட்டும் அந்தக் கணக்கில் ஒரு காலி இருக்கையாகத்தான் பதிவாகும்.

இப்படிக்கு,
கோட்டார், மீனாட்சிபுரம் பகுதி வாசகர்கள்,
நாகர்கோவில்.