செல்விக்கு, மெஷின் விஷயமாக

காசிமேடு

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை.

நேற்று போனில் நீயும் மாப்பிள்ளையும் மாறி மாறிப் பேசியதில் பாதி காதில் விழவில்லை. அதனால் எழுதுகிறேன். பின்லாந்தில், டாம்பெரேயில் வாங்கிய வீட்டுக்கு, வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொடுக்கும் ஹீட் பம்ப் மெஷினைப் போடலாமா, மைனஸ் 20-ல் அது வேலை செய்யுமா என்பதுதானே கேள்வி? போடு. ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டி உன்னைப் படிக்க வைத்தவன் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி ஐஸ் பார் ஆகிறது? அதிலிருக்கும் சூட்டை அமோனியா உறிஞ்சிக்கொண்டு போய், சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் கொட்டுகிறது. மீன்காரருக்கு ஐஸ்தான் சரக்கு, சூடு கழிவு. உங்கள் வீட்டுக்குச் சூடுதான் சரக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். உப்புத் தண்ணீர்த் தொட்டி மைனஸ் 10 வாக்கில் இருக்கும்போதும் அதிலிருந்து சூடு எடுத்துக்கொண்டேதான் இருப்போம். குளிரிலிருந்து சூடா என்று மாப்பிள்ளை சிரித்தார். மைனஸ் 273 வரை போனால்தான் சூடு அறவே தீரும் என்று அவரிடம் சொல். அமோனியாவுக்குப் பதிலாக இந்த மெஷினுக்குள் இப்போது வருகிற ஆர்-32 கேஸ் மைனஸ் 52-லேயே கொதித்துவிடும். அதற்கு உங்கள் மைனஸ் 20 காற்று நல்ல சூடு.

ஆனால் குளிர் ஏற ஏற மெஷினுக்கு மூச்சு வாங்கும். வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு நான்கு யூனிட் சூடு கொடுக்கிற மெஷின், மைனஸ் 20-ல் இரண்டுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். நீங்கள் வைத்திருக்கும் கரண்ட் ஹீட்டர் எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். கணக்கை நீயே போட்டுக்கொள். கடைக்காரர் காட்டும் பெரிய எண் பெரும்பாலும் அந்த 7 டிகிரிக்கானது. மைனஸ் 20-ல் எத்தனை கிலோவாட் கொடுக்கும், எத்தனை இழுக்கும் என்று கேள். மென்று விழுங்கினால் வேறு கடைக்குப் போ. பழைய ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிடாதே. மைனஸ் 30 ராத்திரிக்கு அதுவும் வேண்டும். ஜன்னல் இடுக்கில் காற்று வந்தால் முதலில் அதை அடை.

வெளிப்பெட்டியைத் தரையோடு வைக்க விடாதே. ஸ்டாண்ட் போட்டு, குவிகிற பனிக்கு மேலே நிற்கட்டும். கூரைப் பனி சரிந்து விழும் இடமும் ஆகாது. அப்புறம் வெளிப்பெட்டிக்குள் கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், அதாவது காயில், அதில் உறைபனி பிடிக்கும். கடுங்குளிரில் காற்று வறண்டுவிடும், அப்போது குறைவு. பூஜ்யத்தை ஒட்டி ஈரக்காற்று அடிக்கும்போதுதான் தொல்லை அதிகம். மெஷின் தானாகவே ஃபேனை நிறுத்தி, கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வை டக்கென்று திருப்பி, சூட்டு கேஸை வெளிக்காயிலுக்கு அனுப்பும். குப்பென்று ஆவி கிளம்பும். தீப்பிடித்துவிட்டது என்று அலறி சுவிட்சை அணைக்காதே, சில நிமிடத்தில் அடங்கிவிடும். (நாங்கள் கோல்ட் ஸ்டோரேஜ் காயிலில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக் கரைப்போம். உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.) உருகிய தண்ணீர் அடித்தட்டிலேயே உறையாமலிருக்க அங்கே சின்ன ஹீட்டர் வைத்த மாடலாகக் கேள். வாசற்படிப் பக்கம் வழியவிட்டால் பேரன் வழுக்கி விழுவான்.

புதுச் சரக்கு என்று பயப்பட ஒன்றுமில்லை. சூரிச் டவுன் ஹாலுக்கு 1938-லேயே ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்திருக்கிறார்கள். உங்கள் பின்லாந்தில் பத்து லட்சத்துக்கும் மேல் ஹீட் பம்ப் இருக்கிறது.

கடைக்காரர் கொடுக்கும் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பு, மைனஸ் 20 வரியை நானும் பார்க்கிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு அனுப்பட்டுமா என்கிறாள். மெஷின் போட்டுவிட்டால் உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், வறுத்த வாசனை வீடு பூராவும் போகும். மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். ஃபில்டரை அடிக்கடி கழுவு.

அன்புடன்,
அப்பா