விளக்கு எடுத்துப் போன பையன்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் அம்மாவின் முதல் திதி முடிந்திருக்கும். நான் வரவில்லை. அழைக்கவில்லை என்று குறை சொல்லவும் இல்லை. திதிக்கு யாரும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை. வர நினைப்பவர்கள் வந்துவிடுவார்கள். வாசலில் என்னைக் கண்டதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். சுங்கை சிப்புட் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் இருந்துகொண்டு, ஊரறியக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது.

பொதுவில் எழுதக் காரணம், இந்த முடிவு நம் இருவருக்கு மட்டும் உரியதல்ல என்பதுதான். மலேசிய ரப்பர் தோட்டக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மரபுகளைத் தொகுக்கும் நம் விக்கியில் எழுதுகிற தைப்பிங்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே சில இடங்களில் சுற்றி வளைத்துத்தான் பேசுவேன். உங்களுக்குப் புரியும். அவர்களுக்குப் புரியாமல் போனால் நல்லது.

முடிவு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை 'கள்ளுக்கடை அப்பா' பக்கத்தின் உரையாடலை முடித்து, நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் திருத்த முடியாதபடி பக்கத்துக்குக் காப்பிடப் போகிறேன். அது தனிப் பக்கமாகவே இருக்கும். 'கதை மரபுகள்' பகுப்பிலேயே இருக்கும். எடுத்துக்காட்டுகளில் நீங்கள் எழுதிய சிறுகதையும் இருக்கும். நீங்கள் நீக்கினால் மீளமைப்பேன்.

யார் என்ன சொன்னார்கள் என்று திரும்பச் சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்ய மாட்டேன். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். இந்தப் பக்கத்தைத் தமிழ்ச் சினிமாவின் 'குடிகாரத் தந்தை'யோடு இணைத்து, நம் தலைப்பை அங்கே கொண்டுபோய்விடும் வெறும் வழிமாற்றாக ஆக்கிவிடலாம் என்று சென்னைக்காரர் எழுதியபோது, அதை எதிர்த்து நின்றவள் நான் ஒருத்திதான். நீங்கள் அப்போது கோபத்தில் வாயே திறக்கவில்லை. சினிமாவில் அப்பா குடிப்பது அவருடைய குணம். அவர் மனம் மாறினால் படம் முடிந்துவிடும். தோட்டக் கதையில் கடை தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, சம்பளம் வாங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். அப்பா மனம் மாறினாலும் கடை அங்கேயே இருக்கும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. தோட்டத் துரைக்கு எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி கேட்ட அதே பட்டியல். இதையெல்லாம் பக்கத்தின் முன்னுரையில் எழுதிய பிறகுதான் இணைப்புப் பேச்சு அடங்கியது. அந்த முன்னுரைக்கு நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கீழே எடுத்துக்காட்டுகளில் உங்கள் கதையின் பெயரைப் பார்த்தீர்கள், அத்தோடு சரி.

'எங்கள் அப்பா உங்களுக்கு ஒரு மரபா?' என்று எழுதினீர்கள். 'வாழ்வியல் பின்னணி' என்று புதுப் பகுப்பு உண்டாக்கிப் பக்கத்தை அங்கே தள்ளினீர்கள். நான் திருப்பினேன். மறுபடி தள்ளினீர்கள். தொகுப்பு வரலாற்றைத் திறந்தால் இன்றும் அது வெட்கமாக நீண்டு கிடக்கிறது.

ஆனால் அண்ணே, 'கடைசி லாரி'க்குப் பெயர் வைத்தவர் யார்? தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சாமான்கள் லாரியில் ஏறி, பின்னால் நாய் ஓடிவர முடிகிற கதைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, 'இன்னொரு லாரி கிளம்புகிறது' என்று சிரித்தவர் நீங்கள். அந்தக் கதைகளை எழுதியவர்களும் லாரியில் ஏறி வந்தவர்கள்தாம். அவர்களில் ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை. 'தீமிதியில் வெளிப்படும் உண்மை', 'நல்ல மனம் கொண்ட துரை' எல்லாம் நீங்கள் வைத்த பெயர்கள். 2004இல் தொடங்கிய, கதை மரபுகளைத் தொகுக்கும் ஆங்கில விக்கியான டிவி ட்ரோப்ஸைப் பார்த்துத்தானே நமக்கு இந்த ஆசையே வந்தது? பஃபி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ரசிகர்களின் பேச்சிலிருந்து வளர்ந்த ஒன்று இவ்வளவு தூரம் போகுமானால் தோட்டத்துக் கதைகளுக்கு ஏன் கூடாது என்று கேட்டதும் நீங்கள்தான். அங்கே பல பக்கங்களில் நிஜ வாழ்க்கை எடுத்துக்காட்டுகளுக்கு இடமில்லை. அந்த விதியை நம் விக்கிக்குக் கொண்டுவந்தவரும் நீங்கள். 'கதையைப் பற்றி எழுதுங்கள், பக்கத்து வீட்டைப் பற்றி எழுதாதீர்கள்' என்று புதியவர்களை விரட்டினீர்கள். இப்போது உங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தால் நான் எந்த விதியால் பதில் சொல்வது?

உங்கள் கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் வசனம் போதவில்லை என்று 'ஜகாட்' என்ற தமிழ்ப் படத்தை முதலில் வேறு பிரிவில் ஒதுக்கினார்களே, அன்று முதல் உங்களுக்குப் பிரிவு என்ற பேச்சே ஆகாது. எதிர்ப்பு கிளம்பி, விதி மாறி, சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதே அதற்குக் கிடைத்த பிறகும் உங்கள் சூடு தணியவில்லை. நியாயம்தான். ஆனால் அங்கே பிரித்தது போட்டிக்குள் விடாமல் வெளியே நிறுத்துவதற்கு. நாம் பிரிப்பது தேடுகிறவர் கண்டுபிடிப்பதற்கு. ஆய்வாளர்கள் ஆர்னேயும் தாம்சனும் நாட்டுப்புறக் கதைகளுக்கு எண் போட்டார்கள். சிண்டரெல்லாவுக்கு 510ஏ. அந்த எண்ணால் எந்த ஊரிலாவது ஒரு மாற்றாந்தாயின் கொடுமை பொய்யாகிப் போனதா?

சரி. இதையெல்லாம் உரையாடல் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். அங்கே எழுத முடியாத ஒன்று இருக்கிறது.

உங்கள் வீட்டு முன்வாசல். மழைக்கு முந்தின புழுக்கம். அம்மா தரையில் தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பேசுவது எவ்வளவு அபத்தம் என்று காட்ட நீங்கள் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தீர்கள். படித்துவிட்டு, 'அம்மா, தோட்டத்தில் குடிகார அப்பாவைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள்' என்றீர்கள். அவர் கையை நிறுத்தவே இல்லை. சம்பள நாள். பொழுது சாய்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது, போட அரிசி இல்லை. தாய் மூத்த பையனைக் கூப்பிட்டு அரிக்கன் விளக்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பையன் கள்ளுக்கடை வாசலில் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறான். உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வருகிறார். பால்மரங்களுக்கு நடுவே இருவரும் நடக்கிறார்கள். யார் யாரைக் கூட்டி வருகிறார் என்று தெரியாது.

உங்கள் கதையும் அதேதான். காட்சி வரிசைகூட மாறவில்லை. நீங்கள் தொடையில் தட்டினீர்கள். 'அம்மா எந்தப் பத்திரிகையைப் படித்தார்? யார் எழுதிய கதையைப் படித்தார்? இது வாழ்க்கை, இதற்குப் பகுப்பு போடுகிறாயா?' என்று என்னைக் கேட்டுவிட்டு, வெற்றி பெற்றவர்போல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தே தாரிக் வாங்கப் போனீர்கள். எனக்குப் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை. தோற்றுப்போய் நானும் உட்கார்ந்து நெத்திலி கிள்ளினேன்.

அப்போதுதான் அம்மா பேசினார். அவர் சொன்னதில் பாதியை இங்கே எழுத மாட்டேன். அது உங்கள் வீட்டுச் செய்தி, உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஊருக்குச் சொல்ல எதுவும் இல்லை. எழுதக்கூடிய மீதி இது: 'எங்கள் லயத்தில் கரண்டு இருந்தது. யாரும் விளக்கு எடுத்துப் போகவில்லை. இவனை நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் அனுப்பியதில்லை.' பிறகு எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னை ஏதோ விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 'கதை சொல் என்றுதானே கேட்டான்? கதைக்கு விளக்கு வேண்டாமா? வானொலி நாடகத்தில், திருவிழா நாடகத்தில் எல்லாம் அப்படித்தானே வரும்?'

நீங்கள் திரும்பி வந்தீர்கள். அம்மா கொடியில் காயும் துணியைப் பற்றிப் பேசினார். நானும் துணி எடுக்க எழுந்தேன்.

அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் விவாதத்தில் நான் வென்றிருப்பேன். அம்மாவைச் சாட்சிக்கு இழுத்து மகனை வெல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவர் படுத்துவிட்டார். அந்த நேரத்தில் விக்கியாவது பகுப்பாவது. பிறகு அவரே இல்லை. இப்போது, அவர் இல்லாதபோது சொல்வது அதைவிட மோசம் என்றால், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாதே என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லட்டும் என்றே சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. இது என் வசதிக்குத் தோன்றுவதாகவும் இருக்கலாம்.

உங்கள் கதை பொய் என்று நான் சொல்வதாக யாராவது இதைப் படித்துவிட்டு எழுதினால் முதலில் அவர்களோடுதான் சண்டைக்குப் போவேன். தொல்காப்பியம் எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது. 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்' என்ற அகத்திணையியல் நூற்பாவை மாமாக் உணவுக்கடை மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். புனைந்து சொல்வதும் உலகில் நடப்பதும் சேர்ந்ததுதான் கவிதையின் வழி என்று. தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தியதைச் சொல்லி, கதை எழுதுவது இங்கே கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்று, ரப்பர் மரத்திலிருந்து தானாக வடிந்ததல்ல என்றதும் நீங்களே. அப்பா உலகியல். விளக்கு நாடகம். லயத்தின் வெளிச்சத்திலேயே வளர்ந்த ஒருவன், அம்மா ஒருபோதும் அனுப்பாத அந்த வாசலுக்குப் போய் நின்று, ஒரே ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த விளக்கைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. அதைக் கையில் கொடுத்தது மரபு. அதை ஏன் இவ்வளவு அவமானமாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

அடுத்த நூற்பாவையும் நீங்கள்தான் சொன்னீர்கள்: அகத்தில் 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்'. உங்கள் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். நீங்களோ தீமிதித் திருவிழாக் கூட்டத்தில், என் பெயரைச் சொல்லியே, 'இவளுக்கு நாம் எல்லோரும் பட்டியலில் ஒரு வரி' என்று சொன்னீர்களாம். கேட்டவர் என்னிடம் வந்து சொன்னார். அன்று முதல் நான் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள நீங்கள் முயன்றதும் இல்லை. நிர்வாகி உரிமையை வைத்துக்கொண்டு ஒரு சொல்கூடச் சொல்லாமல் விலகிப்போனது சரி, அதற்குப் பிறகு விக்கியின் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்றாவது கேட்டிருக்கலாம்.

பிரிந்துபோய்த் தனியாக ஒன்று தொடங்கப்போகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். தாராளமாகச் செய்யுங்கள். நம் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது; மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொள்ளலாம். டிவி ட்ரோப்ஸிலிருந்தும் பிரிந்துபோய் ஆல் த ட்ரோப்ஸ் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள், உலகம் இடிந்துவிடவில்லை. 'கடைசி லாரி'யை எடுத்துக்கொண்டு போங்கள், அது உங்களுடையது. 'கள்ளுக்கடை அப்பா'வை எடுத்துப் போனால் என் முன்னுரையோடு எடுத்துப் போங்கள். கிள்ளான் பத்தியை வெட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு மேலே, 'சொல்லப்படும் காட்சி எழுதியவரின் வீட்டில் நடந்ததாகவோ நடக்காததாகவோ கொள்ளக்கூடாது' என்று ஒரு வரி. தைப்பிங் நண்பர் தேவையற்றது என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. உங்கள் கதை பத்திரிகையில் வந்த ஞாயிறு எது என்று பக்கத்தில் இல்லை. 'ஆண்டு தெரியவில்லை' என்று சென்னைக்காரர் போட்ட குறிப்பு அப்படியே நிற்கிறது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தை அம்மா கத்தரித்து ஒட்டி வைத்த நோட்டு உங்கள் அலமாரியில்தான் இருக்கும். அவர் தேதியை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், எண் நினைவில்லை. சனிக்கிழமை இரவு வரை காப்பிட மாட்டேன். தேதியை நீங்களே வந்து போடலாம். வேறு எதையும் தொடாதீர்கள்.

அன்புடன்,
தங்கை